பாதிக் கிணற்று மீன்கள்

எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய சந்துக்குள், ஒரு கிணறு இருக்கிறது. அதன் நடுவால் மதில் போகிறது. வெளியூர்க்காரர் கண்டால் சிரிப்பார்கள், எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. காத்தான்குடியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. இரண்டு பெண்கள் என்றால் வளவு இரண்டாகும். மாமரம் ஒருத்திக்கு, தென்னை மற்றவளுக்கு என்று எல்லாம் பிரியும், கிணற்றை மட்டும் பிரிக்க முடியாது. அதன் வாய்க்கு மேலால் கொங்கிறீற்று விட்டமொன்றைப் போட்டு மதிலை எழுப்பி விடுவார்கள். இந்தக் கிணற்றில் மூத்தவள் ஸுஹைனா அந்தப் பக்கத்தில் வாளியை இறக்குவாள், இளையவள் நிஸ்றா இந்தப் பக்கத்தில். இரண்டு வாளியும் கீழே முட்டிக்கொள்ளும் சத்தம் என் குசினி அடுப்படி வரை கேட்கும். நான் அவர்களுக்கு அடுத்த வளவு.

கிணற்றடியில் மட்டும் மதில் நெஞ்சளவுதான். உம்மா வாப்பா மௌத்தாகிப் போன பிறகு அந்தச் சகோதரிகளுக்கு அதுதான் கூடுமிடம். கறி கைமாறும், பிள்ளைப்பேற்றுக் கதை நடக்கும், சண்டை பிடிப்பார்கள், சிரிப்பார்கள். ஸுஹைனாவுக்குப் பிள்ளையில்லை. கணவன் பதியுதீன் கட்டாரில். நிஸ்றாவின் கணவன் இஷாம் பிரதான வீதியில் புடைவைக் கடையில் நிற்கிறான். கலியாணமாகி நெடுநாள் காத்திருந்து நிஸ்றாவுக்கு வயிற்றில் தங்கியபோது, அவளை விட அதிகம் அழுதவள் ஸுஹைனாதான். இரண்டு வீட்டுக்குமான பிள்ளை அது.

ஸுஹைனா நகை செய்கிறவள். நம் பெண்கள் கலியாணத்துக்குக் கேட்கும் நகையல்ல. வாவிக்கரையில் ஒதுங்கும் நண்டுக்கால், சிப்பி, கண்டல் விதை, காய்ந்த இறால் கோது, இவற்றைப் பொறுக்கி வந்து வெள்ளியில் வார்ப்பாள். புளியந்தீவில் ஒரு கடை அவற்றை வாங்கும், கொழும்பிலும் ஆட்கள் உண்டு. அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. உயிருள்ள எதையும் தொடமாட்டாள். தோண்டியெடுத்த புது வெள்ளியும் வாங்கமாட்டாள். பூமியைக் கிண்டினது போதும் என்பாள். பழைய கொலுசு, உடைந்த காப்பு, அறுந்த அரைஞாண், இவைதான் அவளுக்கு வெள்ளி.

ஒருமுறை நானும் அவளோடு வாவிக்கரைக்குப் போயிருந்தேன். சாமித்தம்பி அண்ணன் தோணியைக் கட்டிவிட்டு வலை கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நண்டைத் தூக்கி நீட்டினார்.

“இந்தா தங்கச்சி, நல்ல வடிவான நண்டு. கால் ஒண்டும் முறியல்ல.”

“உசிரோட இரிக்கே அண்ணன்.”

“அதுக்கென்ன? நீ வீட்ட போறத்துக்குள்ள செத்திரும்.”

“எனக்காகச் சாக வேணாம். தானாச் செத்தது கிடந்தாத் தாங்க, எடுக்கன்.”

அவர் என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ள ஐயர்மாரையும் மிஞ்சிரும் போல” என்று சொல்லி நண்டைக் கூடைக்குள் போட்டார். அது அன்று பின்னேரமே யாருடைய சட்டிக்குள்ளோ வெந்திருக்கும். ஆனாலும் ஸுஹைனா கரையெல்லாம் குனிந்து தேடி, இறந்து வெளுத்த ஒரு சின்ன நண்டை எடுத்து, பஞ்சில் சுற்றித்தான் கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவளுடைய பட்டறை பின்வளவில் தகரக் கொட்டில். கொண்டு வந்ததைச் சாந்துக்குள் புதைத்துச் சூளையில் வைப்பாள். உள்ளே இருப்பது எரிந்து சாம்பலாகிப் போகும். அது கிடந்த பள்ளத்துக்குள் வெள்ளியை உருக்கி ஊற்றுவாள். உடைத்தெடுத்தால் செதிலுக்குச் செதில் அப்படியே இருக்கும். பழைய வெள்ளியில் செம்பு கலந்திருப்பதால் அதை முதலில் நைட்ரிக் அசிட்டில் கரைத்துச் சுத்தமாக்க வேண்டும். அந்த நேரம் கொட்டிலிலிருந்து செம்மண் நிறத்தில் புகை கிளம்பும். நாங்கள் யன்னலைச் சாத்திக்கொள்வோம். வெள்ளி அடியில் படிந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் கடும் நீலம். அதை அப்படியே வாய்க்காலில் ஊற்றிவிடுகிற ஆளல்ல அவள். சுண்ணாம்பு போடுவாள். நுரைத்து அடங்கும் வரை போட்டுக்கொண்டே இருப்பாள். நீலம் எல்லாம் சேறாகக் கீழே இறங்கும். சேற்றை வழித்து மூடி போட்ட பிளாஸ்டிக் கானில் அடைத்து வைப்பாள். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் முருங்கை மரத்தடியில் ஊற்றுவாள்.

“பாருங்க ராத்தா இந்த முருங்கைய” என்று எனக்குக் காட்டினாள் ஒருநாள். “தண்ணியில விஷம் இரிந்தா இப்பிடித் தளைக்குமா?”

மெய்யாகவே அந்தக் கச்சான் காற்றுக் கோடையிலும் அந்த மரம் கரும்பச்சையாய் நின்றது. ஒழுங்கையில் மற்ற மரமெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்த நேரம். நாங்கள் எல்லாருமே அதில் இலை ஒடித்துச் சுண்டினோம்.

அந்த வருஷம் டெங்கு கடுமை. சுகாதார உத்தியோகத்தர் வீடு வீடாக வந்து கிணறுகளுக்குள் சின்ன மீன்களை விட்டுப் போனார். நுளம்புக் குடம்பியைத் தின்னுமாம். எல்லார் கிணற்றிலும் அவை ஓடித்திரிந்தன. அந்தப் பாதிக் கிணற்றில் மட்டும் மிதக்கத் தொடங்கின.

“ராத்தா!” என்று மதிலடியில் நின்று மூத்தவளைக் கூப்பிட்டாள் நிஸ்றா. வயிறு மதிலில் முட்டும். “உனக்கொண்டு கிடந்திச்சு, இந்தா.”

கோப்பைத் தட்டில் ஒரு விரல் நீள மீன். ஸுஹைனா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“என்ன வடிவா இரிக்கி. செட்டை ஒண்டும் பிய்யல்ல. எப்ப செத்திச்சு?”

“நான் என்ன மையத்து வீட்டுக்கா போன? விடியக் காலத்தால வாளிக்குள்ள வந்திச்சு. எடுத்தன்.”

“அடுத்ததும் செத்தா எறிஞ்சிராத புள்ள.”

“நீ ஒண்டு! சாகட்டும் எண்டு துஆ கேக்கிற மாதிரி.” நிஸ்றா சிரித்தாள். ஸுஹைனாவும் சிரித்தாள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தில் அவள் பயந்திருக்க வேண்டும். நாங்களும்தான். கிணற்று மீன் செத்தால் எந்த வீட்டுக்காரியும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பாள். ஸுஹைனாவின் கண் அப்படிப் பழகவில்லை. தானாகச் செத்ததைத் தேடித் தேடியே பழகிய கண் அது. கைக்குக் கிடைத்ததை அல்லாஹ் அனுப்பிய பொருளென்றுதான் அவள் எடுத்தாள்.

மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. இஷாம் புதிதாகக் கேட்டு வாங்கி வந்து விடுவான், அவையும் செத்தன. தண்ணீர் அடிக்கொட்டுக்கு இறங்கிவிட்டது, சூட்டில் சாகிறது என்றான் அவன். ஒவ்வொன்றும் தட்டில் ஏறி மதிலைக் கடந்து வெள்ளியாகியது. ஸுஹைனா அவற்றை ஒரு கழுத்துமாலையாகக் கோத்தாள். ஒன்றின் வாலை மற்றது கவ்வுவது போல. கொழும்பில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அதைத்தான் முதலில் எடுத்தார்கள். சூழலை நேசிக்கும் நகை என்று பாராட்டி எழுதியிருந்ததைப் போனில் எனக்கும் காட்டினாள்.

அவர்களுடைய சாச்சி, உம்மாவின் தங்கை ஸைனம்புவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நிஸ்றாவின் பேறுகாலம் பார்க்க ஏறாவூரிலிருந்து வந்திருந்தவ, மாலையைக் கையில் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டா.

“உசிருள்ளதுட உருவம் செய்யாத, புள்ள. நாளைக்கி மறுமையில றப்பு கேப்பான், செஞ்சிட்டியே, இப்ப உசிரக் குடு பாப்பம் எண்டு. குடுப்பியா?”

“நான் எங்க சாச்சி செஞ்ச? அது கிடந்த இடத்துல வெள்ளிய ஊத்தினன், அவ்வளவுதான்.”

“வாய் மட்டும் குறைச்சலில்ல.”

“உசிரோட ஒண்டையும் நான் தொட்டதில்ல சாச்சி. கேட்டா அதச் சொல்லுவன்.”

சாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுறா வறைக்குத் தேங்காய் திருவப் போனா.

ஆண்பிள்ளை பிறந்தது. நிறைந்த முடி. முஹம்மட் என்று பெயர். நிஸ்றாவுக்குக் காய்ச்சலும் மார்புக் கட்டும் வந்து பால் கொடுக்க முடியாமல் போனது. முருங்கையிலை, சுறா, உள்ளி என்று சாச்சி எல்லாம் செய்து பார்த்தா. ஒன்றும் சரிவரவில்லை. கடையில் வாங்கிய மாப்பால்தான் கரைத்தார்கள். ஸுஹைனா வீட்டில் பைப் தண்ணீர் உண்டு. கிணற்று நீரில் உப்பிருப்பதால் வெள்ளி வேலைக்கு ஆகாதென்று எடுத்தது, குடிப்பதும் அதுதான். நிஸ்றாவுக்கு அந்தத் தண்ணீரின் மருந்து மணம் ஆகாது. உம்மா குடித்த கிணறு, வாப்பா குடித்த கிணறு என்பாள். சாச்சி அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பெரிய கேத்தலில் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆற்றி, பிறகும் ஒருமுறை கொதிக்கவிட்டுத்தான் பால் கரைத்தா. அந்தக் கவனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் முடி களைவது வழக்கம். களைந்த முடியை நிறுத்து, அந்த நிறைக்கு வெள்ளியை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுப்போம். மற்ற வீட்டில் அதற்குக் காசு கொடுத்து முடித்துவிடுவார்கள். இந்த வீட்டில் பெரியும்மா வெள்ளி வேலைக்காரி.

“என்ட மகனுக்கு நான் குடுக்கிற வெள்ளியில ஒரு துளி செம்பும் இரிக்கப்படா” என்றாள் ஸுஹைனா.

அதற்காக, வைத்திருந்த பழைய வெள்ளி அவ்வளவையும் சேர்த்துக் கரைத்தாள். முடிக்குத் தேவையானது ஒரு சிட்டிகைதான். அவளுக்கு ஆசை அடங்கவில்லை. ஒருமுறை கரைத்து எடுத்ததை மறுபடியும் கரைத்தாள். கொட்டிலிலிருந்து விடிய எழும்பிய செம்புகை மத்தியானம் வரை போனது. பின்னேரம் வாளி வாளியாய்த் தெளிந்த தண்ணீரை முருங்கையடியில் ஊற்றுவதை நான் பார்த்தேன். எங்கள் மண் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, உறிஞ்சிக் கீழே போய்விடும். முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒருவர் படுக்கிற இடைவெளிகூட இல்லை.

முடி களையும் நாள் வீடு நிறைந்த பெண்கள். என் வளவுக்கு அங்கால் வீட்டு அப்ஹாமின் மனைவியும் தன் ஆறு மாத வயிற்றோடு வந்திருந்தாள். ஸுஹைனா தன் சின்னத் தராசில் முடியை வைத்து, மறுபக்கம் வெள்ளி மணிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மழைத்துளி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். தராசு நேராக நின்றதும் அவள் குனிந்து பிள்ளையின் மொட்டைத் தலையை முகர்ந்தாள். நிமிர்ந்தவள் சிரிக்கவில்லை.

“சாச்சி, இவண்ட சொண்டு ஏன் இப்பிடி இரிக்கி?”

நான் எட்டிப் பார்த்தேன். நாவற்பழம் தின்றவன் வாய் போல இருந்தது. நகக்கண்ணும் சாம்பல் நிறம்.

“தலையில தண்ணி பட்டதல்லவா, குளிர்” என்றா சாச்சி. “சுடுதண்ணியில துடைச்சா வந்திரும்.”

“அழவும் இல்லையே.”

“அழாத புள்ள நல்ல புள்ள. கண்ணூறு படுத்தாதகா. இத்தின பேர் பாத்தா வேறென்ன வரும்?”

கண்ணூறு கழித்தார்கள். அதற்குப் பிறகு சாச்சி தண்ணீரை இன்னும் அதிக நேரம் கொதிக்கவைத்தா. கேத்தலின் அடியில் வற்றிக் கிடந்ததை ஊற்றிப் பால் கரைத்தா. பிள்ளை சோர்ந்துகொண்டே போனது. நிறம் நாளுக்கு நாள் மங்கியது. மதிலடியில் நின்று ஸுஹைனா கேட்பதும், நிஸ்றா “இப்ப பரவாயில்ல ராத்தா” என்பதும் என் குசினிக்குக் கேட்கும். அந்தக் குரலில் பரவாயில்லை என்ற பேச்சே இருக்கவில்லை.

ஒரு காலையில் பிள்ளை பாலுக்கு வாய் திறக்கவில்லை. இஷாம் முச்சக்கர வண்டியைக் கொண்டு வந்தான். பிள்ளையின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். வாவி ஓரமாகப் போகும்போது கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடித்தது. நிஸ்றா பிள்ளையின் முகத்தைச் சீலையால் மூடுவதும் உடனே பயந்து திறப்பதுமாய் இருந்தாள்.  கூட வந்த ஸுஹைனாவின் கழுத்தில், வெள்ளியான முதலாவது மீன் கிடந்தது. அதை மட்டும் அவள் மாலையில் கோக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், பெண். பிள்ளையின் முகத்தைப் பார்த்த உடனேயே ஒக்சிசன் வைத்தார். காலிலிருந்து இரத்தம் எடுத்தார். ஊசிக்குள் ஏறியது கோப்பி நிறம். இரத்தத்துக்கு அப்படியொரு நிறம் இருக்கலாமென்று எனக்கு அதுவரை தெரியாது. டொக்டர் அதை ஒரு துண்டு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“தாய்ப்பாலா, மாப்பாலா?”

“மாப்பால்” என்றான் இஷாம்.

“எந்தத் தண்ணி?”

“கிணறு. நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் டொக்டர்.”

“கொதிக்க வைச்சாக் கிருமி சாகும். இது கிருமி இல்ல, கொதிக்கக் கொதிக்கக் கூடுற சாமான். பக்கத்தில வயல், தோட்டம் ஏதும் இருக்கா? பசளை போடுறவங்க?”

“நாங்க ஊருக்குள்ள டொக்டர். வட்டைக்கும் எங்களுக்கும் எட்டாத தூரம்.”

“நைத்திரேற்று எண்டு சொல்லுறது. யூரியாவில இருந்து வரும், மலகூடக் குழியில இருந்தும் வரும். தண்ணிக்குள்ள போனாத் தெரியாது. நிறமில்ல, மணமில்ல. மரஞ்செடி நல்லாத் தளைக்கும், பச்சக் குழந்தைக்கு மூச்சு நிக்கும்.”

என் பக்கத்தில் நின்ற ஸுஹைனாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. 

நிஸ்றாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “எங்கட கிணறு சுத்தம் டொக்டர். மீனும் விட்டிரிக்கம்.”

“மீன் உயிரோட இருக்கா?”

“சாகும்” என்றாள் நிஸ்றா. “சூட்டுக்குச் சாகுது. செத்ததெல்லாம் ராத்தா எடுப்பா.”

சொல்லிக்கொண்டே அவள் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கழுத்தைப் பார்த்தாள். அவள் பார்வை அந்த மீனிலேயே நின்றுவிட்டது. 

ஸுஹைனா பேசாமல் இருந்திருக்கலாம். கேட்க ஒருவரும் இல்லை. டொக்டர் மலகூடக் குழியென்று எழுதியிருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

“அது என்ட அசிட், டொக்டர்” என்றாள். “நைட்ரிக். வெள்ளி கரைக்கிற. சுண்ணாம்பு போட்டுத்தான் ஊத்தின. தெளிஞ்சிட்டு எண்டு நினைச்சன்.”

“சுண்ணாம்புக்கு இது போகாது. வேற என்ன இருக்கு அதில? ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

“செம்பு. கொஞ்சம் வெள்ளி. சேற்ற நான் எடுத்து வெச்சிரிக்கன் டொக்டர், கானுக்குள்ள, மூடி போட்டு...”

அந்தச் சேற்றைப் பற்றி அவள் ஏன் அப்படித் திருப்பித் திருப்பிச் சொன்னாள் என்று இப்போதும் யோசிக்கிறேன். டொக்டர் உள்ளே ஓடிவிட்டார்.  நிஸ்றா எழுந்து போய் அடுத்த வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்தது. நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள், சற்று நேரத்தில் சொண்டு சிவந்ததை நாங்களே பார்த்தோம். ஆனால் டொக்டர் சிரிக்கவில்லை. “மூளைக்குக் காத்துக் குறைஞ்சது எவ்வளவு நேரமெண்டு தெரியாது. இப்ப ஒண்டும் சொல்ல ஏலா. வளர்ந்து வரக்குள்ள பார்ப்பம்” என்றார். இப்போது பிள்ளை வீட்டில் இருக்கிறது. சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்க வேண்டிய வயது. நிஸ்றா அதன் காதடியில் கையைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது. தட்டுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தட்டுகிறாள்.

சுகாதார உத்தியோகத்தர் வந்து கிணற்றை மோட்டார் வைத்து இறைத்தார். தண்ணீரைப் பிடித்துப் போனார். என் கிணற்றையும் அப்ஹாம் வீட்டுக் கிணற்றையும் பார்த்தார், எங்களுடையது அப்போது நல்லது என்றார். “இதுக்க மட்டும் மீனை விட்டுப் பாருங்க. மீன் தங்குற வரைக்கும் ஒருத்தரும் பாவிக்காதீங்க” என்று சொல்லிப் போனார்.

ஸுஹைனா கொட்டிலைப் பூட்டிவிட்டாள். கொழும்பிலிருந்து போன் வந்தது, மாலை நல்ல பேர் எடுத்திருக்கிறதாம், இன்னும் மீன் செய்ய முடியுமா என்று. போனை வைத்துவிட்டாள். கழுத்திலிருந்ததை மட்டும் கழற்றவில்லை. முருங்கையைத் தறிக்க ஆளைப் பிடித்தாள். தறித்த அடியிலிருந்து ஒரு கிழமைக்குள் பச்சைப் பசேலென்று துளிர் வந்தது.

கிணற்றில் விட்ட மீன் செத்தது. நிஸ்றா அதைக் கோப்பைத் தட்டில் எடுத்து மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ராத்தாவோடு பேசுவதில்லை. ஸுஹைனா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கழுவிய தட்டைத் திரும்ப மதிலில் வைத்தாள். மறுபடி மீன் விட்டார்கள், மறுபடி தட்டு மதிலில் ஏறியது. வாளிகள் முட்டும் சத்தம் நின்றுபோனது. அந்தத் தட்டு மதிலில் படும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். மாரி வந்தால் கழுவிக்கொண்டு போகும் என்று இஷாம் சொன்னான். எங்கே கழுவிக்கொண்டு போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை என் வாளிக்குள் ஒன்று வந்தது. வெள்ளையாய், வயிற்றை மேலே காட்டிக்கொண்டு.  அதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய் எங்கள் மதிலடியில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

ஸுஹைனா வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

“நிஸ்றா தந்ததா ராத்தா?”

“இல்ல புள்ள. என்ட கிணறு.”

அவள் தட்டைக் கையில் வாங்கினாள். கண் என்னைத் தாண்டி, என் வளவைத் தாண்டி அங்கால் போனது. அப்ஹாமின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து மூன்று நாள். அந்த வீட்டுக் கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. யாரோ வாளியை இறக்கினார்கள்.

ஸுஹைனாவின் கையிலிருந்து தட்டு விழுந்து உடைந்தது. செருப்பில்லாமல், தலையில் முக்காடுமில்லாமல், அவள் ஒழுங்கையால் ஓடினாள்.